கெட்டுப்போன டேப் டிரைவ்

எண்பதுகளின் கடைசியில் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தின் கணிப்பொறி அறைக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால், எது ஓடாவிட்டாலும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரை வரவில்லை, பிரிண்டர் தாளைக் கடிக்கிறது, ஏசி தண்ணீர் சொட்டுகிறது. மின்சாரம் போனால்கூட என்னைத்தான் பார்ப்பார்கள். அதியமான்கோட்டையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே, இன்றைக்கு எது நின்றுபோயிருக்கும் என்றுதான் மனம் ஓடும்.

அந்த வருடம் எங்களுக்குக் கிணற்றுக் கணக்கு வேலை. மாவட்டத்தில் எந்த ஊரில் எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்று தாலுகா வாரியாகத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. மழை பொய்த்த காலம். எந்த ஊருக்கு முதலில் போர் போடுவது என்று இதை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றார்கள். எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஏற்றியவர் இண்டூரிலிருந்து வரும் ஓர் அக்கா. முன்பு டைப்பிஸ்ட். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே அலுவலகம் வந்து தட்டச்சு செய்த வாரங்களும் உண்டு. விரல் முட்டி வீங்கி, இடைவேளையில் வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

வாரக் கடைசியில் நான் எல்லாவற்றையும் தாலுகாவுக்கு ஒரு டேப்பாக நகல் எடுத்து பீரோவில் வைப்பேன். டேப்பில் எழுதிப் படிக்கும் டேப் டிரைவ் அடிக்கடி முரண்டு பிடித்தது. பெங்களூரிலிருந்து சர்வீஸ் என்ஜினியர் வந்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய டிரைவ் ஒன்றை மாட்டினார். புது டேப்பில் எழுதினார், படித்துக் காட்டினார், அழகாக வேலை செய்தது. பழையதை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டே நாளில், அந்த வாரத்து நகல் எடுப்பதற்கு முன்பே, ஒரு காலையில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது. மூன்றாவது தடவை வந்தபோது இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கணக்கெல்லாம் ஏறியிருந்த ஹார்ட் டிஸ்க். ஓடிப் போய் அணைத்தேன். பயனில்லை.

என்ஜினியர் வந்து வேறு டிஸ்க் மாட்டினார். அதில் ஒன்றும் இல்லை, வெறும் பலகை. "டேப் இருக்குல்ல, பயமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, ஓசூரில் வேறு வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார். நான் பீரோவைத் திறந்து முதல் டேப்பைப் போட்டேன். படிக்கவில்லை. அடுத்தது, அதுவும் இல்லை. வரிசையாக எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஓடி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடி, பிழை என்று சொல்லி நின்றது.

அக்கா பின்னால் வந்து நின்றிருந்தது தெரியாது.

"சார், மறுபடியும் மொதல்ல இருந்து அடிக்கணுங்களா?" என்றார். அவ்வளவுதான். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டு அரை நாள் காத்திருந்தேன். அதற்குள் ஊர் திரும்பியிருந்த என்ஜினியர், எல்லாமே பழைய டிரைவில் எழுதிய டேப்தானா என்று கேட்டுக்கொண்டார்.

"பழைய டிரைவுல டேப்புல எழுதுற ஹெட்டு கொஞ்சம் விலகி இருந்திருக்கும் சார். கோணலா எழுதியிருக்கு. அது எழுதினத அதுதான் படிக்கும். இது நேரா இருக்கில்ல, இதுக்குத் தெரியாது."

"அந்த டிரைவ் எங்க இப்ப?"

"ஆபீஸ்லதான் கிடக்கு. நாளைக்கு ரிப்பேர் சாமானெல்லாம் பம்பாய்க்கு லாரியில போகுது."

"அதை யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. சரி பண்ணிடாதீங்க. நான் வரேன்."

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர். அந்த அலுவலகத்தின் பின்கட்டில், மேலே பம்பாய் என்று எழுதி ஒட்டிய பெட்டிகளுக்கு நடுவே எங்களுடையது இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கெட்டுப்போன சாமானைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தவனை அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார்.

"மேல வேணாங்க. மடியிலயே வச்சிக்கிறேன்."

"என்னங்க உள்ள? டிவியா?"

"இல்லைங்க, ஆபீஸ் சாமான்."

"ஒடையுறதா?"

"ஏற்கெனவே ஒடைஞ்சதுதாங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துப் போனார். ஓசூர் தாண்டியதும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஹெட் இன்னும் கொஞ்சம் விலகினாலும் போச்சு. குலுங்கிக் குலுங்கித் தானாக நேரானாலும் போச்சு. இருந்த கோணலிலேயே அது இருக்க வேண்டும். குலுக்கல் பெட்டிக்கு ஏறாதபடி குதிகாலை பஸ் தரையிலிருந்து சற்றுத் தூக்கியே வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது கால் மரத்து, படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்தில் புதிய டிரைவைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, நல்லா இருக்கிறதக் கழட்டிட்டுக் கெட்டத மாட்டுற?"

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "ஆமாங்க சார்" என்றேன்.

முதல் டேப் ஓடியது. வழக்கம்போல ஒரு முறை இழுத்தது, நின்றது, மறுபடி ஓடியது. திரையில் ஊர்ப் பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கின. அக்கா எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இண்டூரு வந்துருச்சுங்க சார்" என்றார், மெதுவாக. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது.

எல்லாம் வரவில்லை. அரூர் தாலுகா இருந்த டேப் தொடக்கத்திலேயே நின்றது. துடைத்துப் போட்டேன், ஆறவிட்டுப் போட்டேன், டிரைவின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டேன். வரவில்லை. வந்தவரையில் டிஸ்க்கில் ஏற்றி, புதிய டிரைவைத் திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் புது டேப்பில் எழுதினேன். எழுதியதைப் படித்தும் பார்த்தேன். அதற்குள் மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று டேப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"எது வரலைங்க?"

"அரூருங்க அக்கா. முழுசும்."

அவர் முட்டியை நீவிக்கொண்டே யோசித்தார். "அரூரு மட்டுந்தானுங்களே. அடிச்சுடலாம் விடுங்க. வூட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன்." போய் மூலையில் அடுக்கியிருந்த கட்டுகளில் அரூரைத் தேடி எடுத்துவந்து தூசியைத் தட்டினார்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தாளைப் பார்த்து, திரையைப் பார்த்து அடித்தால் கழுத்து வலிக்கும் என்று, நான் வாசிக்கிறேன் நீங்கள் அடியுங்கள் என்றேன். ஊர்ப் பெயர், சர்வே எண், ஆழம், கோடையில் தண்ணீர். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இல்லை என்றுதான் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல, அவர் அடிக்க, அடுத்தது, இல்லை, அடுத்தது, இல்லை. முதன்முறை இவையெல்லாம் ஏறியபோது நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார், "இல்லைன்னா சொல்லாதீங்க சார். இருந்தா மட்டும் சொல்லுங்க. வேகமாப் போயிரும்."

அதன்பிறகு வெகு நேரம் நான் ஊர்களின் பெயரையும் எண்களையும் மட்டும் வாசித்தேன்.