தண்ணி பாலாகணும்

காத்தை எதுக்குய்யா பொடிசாக்கணும்னா கேக்கிய? அதானே என் பொழப்பு. தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ் லேப்ல பிட்டர் நான், படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல. தண்ணிக்குள்ள பொடிப்பொடியா காத்துக் குமிழி விட்டா, அது அழுக்கோட ஒட்டி மேல வந்துரும், கலங்கல் தெளிஞ்சிரும். இது முத்துலட்சுமி மேடத்தோட ஆராய்ச்சி. அவங்களுக்குக் குடுத்த வருஷம் எல்லாம் முடிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை வெளியூர் பேராசிரியர் வந்து பாப்பாரு. குமிழி வந்தா டாக்டர் பட்டம், வரலைன்னா எல்லாம் சாக்கடையில.

மீன்தொட்டிக் கல்

முதல்ல, கண்ணாடித் தொட்டியில மீன் வளக்கவங்க போடுத காத்துக்கல்லை வாங்கிப் போட்டேன். கொத்தமல்லி விதை சைசுல குமிழி வந்துச்சு. நைசான கல்லு போட்டேன், கடுகாச்சு. மேடத்துக்கு வேண்டியது கடுகை நூறா நறுக்குன சைசு. நாலாவது தடவை போனப்ப கடைக்காரர் கேட்டாரு:

"அண்ணாச்சி, நீங்க மீன் வளக்கியளா, கல்லு வளக்கியளா?"

ரெண்டு சிரிஞ்சு

ரெண்டு சிரிஞ்சை ஒரு குழாய்ல கோத்து, தண்ணியும் கொஞ்சம் காத்தும் வச்சு அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளினா குமிழி ஒடைஞ்சு பொடிசாகும். ஆனா கெடைக்கது ஒரு கரண்டித் தண்ணி, வலிக்கது ரெண்டு கையும். எங்க அட்டெண்டர் பரமசிவம் சும்மா இருக்காம ஒரு சொட்டு ஷாம்பு விட்டான். அஞ்சாறு தள்ளுலயே வெள்ளைவெளேர்னு ஆயிட்டு! நாங்க ரெண்டு பேரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கோம், மேடம் அதை வாங்கிக் கீழ ஊத்திட்டாவ. சோப்பு விழுந்தா குமிழி ஒண்ணோட ஒண்ணு சேராதாம். வெறும் தண்ணியில வரணும், அதான் அவங்க எழுதி வச்சிருக்கது.

"ஷாம்புல வாறது என் குமிழி இல்ல அண்ணாச்சி."

சோடா டிரம்

அப்புறந்தான் சோடா பாட்டில் நெனப்பு வந்துச்சு. மூடுன இரும்பு டிரம்ல தண்ணி வச்சு, கம்ப்ரஸர்ல காத்தை அழுத்தி ஏத்துனேன். காத்து தண்ணியில கரைஞ்சிரும். ஊசிமுனை ஓட்டை வழியா தொட்டிக்குள்ள தெறந்து விட்டா, சோடா மூடியத் தெறந்த மாதிரி பொங்கி வரும். ரெண்டு தடவை வாஷர் பிடுங்கி நான்தான் நனைஞ்சேன். வியாழக்கிழமை சாயந்தரம் தெறந்தா, தொட்டி முழுக்கப் பாலு! மேடம் குனிஞ்சு தொட்டிக்கு நேரா கண்ணை வச்சாவ. பரமசிவம் சொன்னான்:

"ஏ யப்பா, டீ போட்டிரலாம் போலுக்கே!"

எண்ணெய்

வெள்ளிக்கிழமை காலைல தலை கனத்துக் கெடந்துச்சு. வீட்டுலயே எண்ணெய் தேச்சு, குத்தாலம் அருவியில நின்னுட்டு நேரா லேப்புக்கு வந்துட்டேன். அருவியில சோப்பு, சீயக்காய் எதுவும் விடமாட்டாவ, அதனால பாதி எண்ணெய் ஒடம்புலயேதான். வந்ததும் ஊசிமுனையக் கழத்தி, விரலால தொடச்சு மாட்டுனேன்.

தெறந்தா குமிழி பட்டாணி பட்டாணியா வருது. அழுத்தத்தைக் கூட்டுனேன், பெரிய பட்டாணி. பேராசிரியர் கார் மேலகரம் தாண்டிட்டுன்னு போன். மேடம் முகத்தைப் பாக்க முடியல. தண்ணிக்கு மேல வானவில் மாதிரி ஒரு படலம் மின்னுச்சு. என் கையப் பாத்தேன், அதுவும் மின்னுச்சு. எண்ணெய் பட்டா குமிழி எல்லாம் சேந்து பெருத்துரும். பாவி நான்தான்!

பரமசிவம் பையில இருந்து ஷாம்பு பாக்கெட்டை எடுத்து, "ஒரு சொட்டு, எவனுக்குத் தெரியும்?"ங்கான். மேடம் வேண்டாங்கல. என்னையே பாத்தாவ. பாக்கெட்டை வாங்கிக் கிழிச்சேன். குழாயடியில குனிஞ்சு என் தலையிலயும் கையிலயும் தேச்சு நல்லா அலசுனேன். தொட்டிய ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, ஊசிமுனைய அதுல முக்கி எடுத்து, புதுத் தண்ணி விடுதோம், வாசல்ல பரமசிவம் சத்தம்.

"அண்ணாச்சி, கார் வந்துட்டு!"

வாசம்

தெறந்தேன். பாலு. பேராசிரியர் குனிஞ்சு பாத்தாரு, மோந்து பாத்தாரு, ஷாம்பு வாசம். குழாயடியில கிழிஞ்சு கெடந்த பாக்கெட்டையும் பாத்துட்டாரு. "தண்ணியில ஷாம்பு போட்டீரோ?"

"போட்டது நெசந்தான் சார். தண்ணிக்கு இல்ல, எனக்கு"ன்னு ஈரத்தலையக் குனிஞ்சு காட்டுனேன். அவரு சிரிக்கல. ஒரு பாட்டில்ல தொட்டித் தண்ணியப் பிடிச்சு, மூடி, குலுக்கு குலுக்குன்னு குலுக்கி வெளிச்சத்துல வச்சாரு. ஷாம்பு இருந்தா நுரை நிக்கணும், ஒரு பொட்டுக்கூட நிக்கல. பேனாவ எடுத்துக்கிட்டே சொன்னாரு:

"தண்ணியும் சுத்தம், நீரும் சுத்தம்."

ஆக, காத்தைப் பொடிசாக்க நான் படிச்ச படிப்புல உருப்படியானது கையக் கழுவுதது ஒண்ணுதான். அங்கன டாக்டர் முத்துலட்சுமி, "அண்ணாச்சி, வாஷர் பிடுங்கிட்டு!"ன்னு கூப்பிடுதாவ. கையக் கழுவிட்டுப் போறேன்.