பதினான்கு ஆயில் சீட்டுகள்

கார்க் கதவைத் திறந்ததும் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தலையை நீட்டிக் கிலோமீட்டரைப் படிப்பார். "அடேயப்பா, ரெண்டு லட்சத்தத் தாண்டியாச்சா? நல்லா இருக்கியா?" என்று வண்டியை நலம் விசாரித்த பிறகுதான் மனிதருக்கு வணக்கம். டாக்சிக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மீட்டரம்மா.

வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சி. பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சீட்டின் ஓரத்தில் நூல் எங்கே பிரிந்திருக்கிறது என்று பார்ப்பார். வண்டிக்குள் ஒளிந்திருக்கும் நாலைந்து கம்ப்யூட்டர்களும் ஓடிய தூரத்தைத் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்குமாம். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மோசடி என்று சொல்லும் மென்பொருளை அவரே எழுதினார். மேசையில் பழைய பல்சக்கர மீட்டர் ஒன்று கிடக்கிறது. யோசனை ஓடாதபோது அதைத் திருகி 99,999க்குக் கொண்டுவருவார். அத்தனை ஒன்பதும் ஒருசேரக் குட்டிக்கரணம் போட்டுப் பூஜ்யமாவதைப் பார்த்தால் குழந்தை மாதிரி சிரிப்பு.

அதே கட்டிடத்தின் மாடியில் இருக்கும் கணிதப் பேராசிரியரும் ஓடோமீட்டர் ஆள்தான். ஆனால் அவருடைய மீட்டரில் சக்கரங்களுக்கு முடிவே கிடையாது, எல்லாம் காகிதத்தில் போடும் கணக்கு. "எங்க மீட்டருக்கு வண்டியும் வேணாம், பெட்ரோலும் வேணாம்" என்று பீற்றிக்கொள்வார். "அதான் சார் இன்னும் எங்கயும் போய்ச் சேரல" என்பார் மீட்டரம்மா. இந்தச் சண்டை இல்லாமல் இருவருக்கும் நாலு மணித் தேநீர் தொண்டையில் இறங்காது.

போன மாதம் ஒரு டாக்சியை அவருடைய மென்பொருள் மோசடி என்று சொல்லிவிட்டது. முகப்பு மீட்டரில் 71,204. கியர் பெட்டியின் கம்ப்யூட்டரிலோ வெறும் 5,668. அறிக்கை போனது, உரிமத்தை ரத்து செய்யப்போவதாகப் போக்குவரத்து அலுவலகம் கடிதம் அனுப்பியது. அந்த ஒரு வண்டியை நம்பித்தான் ஓட்டுநரின் குடும்பமே இருந்தது. மறுநாள் காலையிலேயே வண்டியோடு வந்து நின்றார்.

"சத்தியமா நான் கைவைக்கலம்மா. கதவோரம் பாருங்க."

கதவுச் சட்டத்தில் ஆயில் மாற்றிய சீட்டுகள். புதியது வந்தால் பழையதைக் கிழிக்காமல் மேலேயே ஒட்டியிருக்கிறார். அட்டை கனத்துக்குத் தடித்திருந்தது. மீட்டரம்மா கெட்டிலில் வெந்நீர் போட்டு, ஆவி காட்டி, ஒவ்வொன்றாக உரித்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஐயாயிரம், பத்தாயிரம் என்று எழுபதாயிரம் வரை பதினான்கு சீட்டுகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. முகப்பு மீட்டர் பொய் சொல்லவில்லை என்றால் அந்த 5,668 எங்கிருந்து வந்தது?

தேநீருக்கு இறங்கி வந்த பேராசிரியர் இரண்டு எண்களையும் பார்த்தார். "ஒண்ணுலேர்ந்து ஒண்ணக் கழிம்மா."

கழித்தார். 65,536.

"அது பின்னாடி போகலம்மா. சுத்தி வந்திருக்கு."

கியர் பெட்டியின் கம்ப்யூட்டரில் 65,535 வரைதான் இடம். அடுத்த கிலோமீட்டரில் எல்லாம் பூஜ்யம். மீட்டரைச் சுற்றிவிட்டு தினமும் சிரிக்கிற மனுஷிக்கு, அந்தக் குட்டிக்கரணத்தைத் தன் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

ஆனால் மழுப்பவில்லை. ஓட்டுநரை எதிரே உட்கார வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போக்குவரத்து அலுவலகத்தை அழைத்தார். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது." அன்று மாலைக்குள் பழைய அறிக்கைகளை எல்லாம் மறுபடி பார்த்து, இன்னும் இரண்டு வண்டிகளின் மேலிருந்த பழியையும் நீக்கினார்.

உரிமம் பிழைத்த செய்தி வந்ததும் ஓட்டுநர் நன்றி சொல்ல வந்தார். "என் முன்னாடியே தப்ப ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது போதும்மா."

"அய்யோ, நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க மட்டும் பழைய சீட்டக் கிழிச்சுப் போட்டிருந்தா, உங்க பொழப்புல மண்ணப் போட்டது தெரியாமலே இருந்திருப்பேன்."

"பரவால்லம்மா, அந்தச் சீட்டெல்லாம் இனிமே எதுக்கு?" என்றபடி அவர் சாவியை எடுத்தார்.

மீட்டரம்மா கேட்டுக்கொள்ளவில்லை. பசைக் குப்பியோடு வாசலுக்குப் போய், வண்டிக் கதவருகே வெறுந்தரையில் மண்டியிட்டு, ஐயாயிரத்தில் தொடங்கி ஒவ்வொரு சீட்டாக மறுபடி ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.