சிவஞானத்தின் நீலப்பூ

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிவஞானம் தொட்டியின் மேல் குனிகிறார். ஒரு கண்ணில் லென்ஸ். மற்றொரு கண் இறுக மூடியிருக்கிறது. பால்கனியில் அவர் குனிந்திருக்கும்போது வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. சட்டைப் பொத்தான் அளவே உள்ள அந்த நீலப்பூ, பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே இதழைக் கொட்டிவிடுமாம். மாடியில் குடியிருக்கும் நான் ஒருநாள் மூக்கைச் சுருக்கியதற்கே, "தும்மதா இருந்தா வெளிய போய்த் தும்மிட்டு வாங்க தம்பி" என்று படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஊர் திருநெல்வேலி. ஹைதராபாத் குஷாய்குடாவின் மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். சர்க்யூட் போர்டில் சால்டரிங் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பிடிக்கவில்லையென்றால் அந்த நிமிஷமே வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்துவிட்டது, பழக்கம் முடியவில்லை. இட்லியைப் புரட்டிப் பார்த்துத்தான் சாப்பிடுவார். ஓரம் கோணலான பால் பாக்கெட் கடைக்கே திரும்பும். தெருமுனைத் தக்காளிக்காரம்மா அவர் தலையைக் கண்டதும், "நக்கோ சாப், நக்கோ!" என்று ஹைதராபாத் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிக் கோணியை இழுத்து மூடிவிடுகிறாள். இவரும் விடுவதில்லை. "கைக்கு நக்கோ?" என்று, ஏன் வேண்டாம் என்பதை மட்டும் அவள் பாஷையில் ஆரம்பித்து, மீதியை நெல்லைத் தமிழில் பேசுவார்.

அவர் மனைவி பகவதியம்மாள் போன வருஷம் ஊட்டியிலிருந்து ஆசையாக ஒரு ஜெரேனியம் வாங்கி வந்தார். மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஜெரேனியம் ஹைதராபாத்தைப் பார்த்ததும் செத்துப்போனது. அதன் காலடியில் தானாக முளைத்திருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. குடியிருப்பின் தோட்டக்காரர், "பிச்சி மொக்க சார்" என்று தெலுங்கில் சொல்லி, களைதானே என்று பிடுங்கக் கை நீட்டினார். சிவஞானம் அவர் கையைத் தட்டிவிட்டு லென்ஸை எடுத்தார். பகவதியம்மாளின் நிம்மதி அன்றைக்குப் போனதுதான்.

"பாத்தியளா தம்பி, நாலு இதழு. கீழ உள்ளது மட்டும் ஒல்லி. மகரந்தத் தண்டு ரெண்டே ரெண்டு. வெரோனிக்காதான், சந்தேகமே வேண்டாம்!"

வெரோனிக்கா என்பது செடிக் குடும்பத்தின் பெயர்; அந்த வீட்டில் இது எந்தப் பிள்ளை என்பதில்தான் தகராறு. பூக்காம்பு இலையைவிட நீளமாக இருக்கிறது, ஆகவே இது பெர்சிகா என்கிறார் இவர். செடிப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் பேகம்பேட் வைத்தியநாதன், "இல்லை, இது பொலிட்டா" என்று ஒரே வரியில் போட்டுவிட்டார். பக்கத்தில் சிரிக்கும் பொம்மை வேறு. காயைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன் என்றும் எழுதிவிட்டார். இரண்டு கன்னம் வைத்த குட்டிக் காய். கன்னங்கள் விலகி விரிந்திருந்தால் பெர்சிகா, நிமிர்ந்து நெருங்கி நின்றால் பொலிட்டா. "அந்த ஆளுக்குக் காயக் காட்டாம நான் ஓய மாட்டேன்" என்றார் சிவஞானம். அந்தச் சிரிக்கும் பொம்மை அவரைத் தூங்கவிடவில்லை.

மார்கழிக் குளிர் செடிக்கு ஒத்துக்கொண்டது. தினம் ஒன்றிரண்டு பூத்தது, அதுவும் வெயிலில் மட்டும். போலாரத்துச் சம்பந்தி ஒருநாள் அந்தி நேரத்தில் வந்து பூ எங்கே என்றார். "அதுக்கு ஆபீஸ் டைம் முடிஞ்சிட்டு. காலைல வாங்க" என்று காபியைக் கொடுத்து அனுப்பினார். மாசியில் வெயில் ஏறியது. காலையில் பால்கனி, மற்ற நேரமெல்லாம் படுக்கையறையில் ஏசி என்று தொட்டிக்கு ராஜமரியாதை நடந்தது.

"எனக்கு வேர்க்குன்னு சொன்னா ஒரு நாளாவது போட்டியளா? இந்தப் புல்லுக்கு இருபதுல வைக்கிய" என்றார் பகவதியம்மாள்.

ஆனால் காய் மட்டும் வரவே இல்லை. உரத்தை மாற்றினார், மண்ணை மாற்றினார், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினார். வைத்தியநாதனோ வாரம் தவறாமல், "காய் வந்தாச்சா?" என்று குழுவில் நலம் விசாரித்தார். செடி மஞ்சளடிக்கத் தொடங்கியது. ஒரு பூவும் ஒரு மொட்டும்தான் மிச்சம். அதுவும் போனால் காயும் இல்லை, அடுத்த வருஷத்துக்கு விதையும் இல்லை. மனுஷன் முகத்தில் களையே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அன்று காலை நான் போனபோது பகவதியம்மாள் பக்கத்துத் தொட்டியில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கும்போதே நீலப்பூ இதழை உதிர்த்தது. சிவஞானம் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்து, காம்போடு நறுக்கென்று வெட்டினார்.

"ஏன் சார் வெட்டுறீங்க?"

"இதழு விழுந்திட்டுல்லா? டிஃபெக்ட். ஒடனே எடுத்திரணும். இதுவரை ஒண்ணக்கூட விட்டதில்ல தம்பி" என்றார் பெருமையாக.

பகவதியம்மாள் நிமிர்ந்தார். "ஏங்க, பூ உதிர்ந்த எடத்துலதான வெண்டைக்காயே வருது? நீங்க காம்போட நறுக்கிட்டு எங்க போய்க் காயத் தேடுதிய?"

சிவஞானம் வெண்டைக்காயைப் பார்த்தார், கத்திரிக்கோலைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டது. "இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே!"

"தும்மவே விடல. பேச எங்க விட்டிய?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அங்கே போய்த்தான் சிரிக்க முடிந்தது.

கடைசி மொட்டு இரண்டு நாள் கழித்து விரிந்தது. மறுநாள் காலை வெயிலில் எங்கள் மூவர் கண் முன்னால் அதன் இதழ் மண்ணில் விழுந்தது. காம்பின் நுனியில் பச்சையாக ஒரு பொட்டு மட்டும் நின்றது. சிவஞானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை மட்டும் தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போனது, கத்திரிக்கோலோடு வெளியே வந்தது, காம்பை நோக்கி நீண்டது.

இடது கை பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பிடித்தது. "பகவதி, சீக்கிரம் இத வாங்கு" என்றார். பகவதியம்மாள் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்திரிக்கோலை வாங்கும்வரை, அந்தப் பிடியை அவர் தளர்த்தவில்லை.