எங்கள் ஹோலில் சகலனுடைய பனி

எங்கள் ஹோலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. கடைகளில் இனிப்புப் போட்டு வைக்கிற மாதிரி வாய் அகன்றது. உள்ளே பனி. பனிக்கு நடுவில் ஒரு யுத்த டாங்கி. அதன் பக்கத்தில் சிப்பாய்கள் குந்தியிருந்து நெருப்புக் காய்கிறார்கள். மூடியில் ஒரு சுவிச். தட்டினால் நெருப்பு மினுங்கும்.

செய்தது என் சகலன். மனைவியின் அக்காவின் கணவர். அஜக்ஸ் என்கிற பக்கத்து ஊரில் சொந்த வீடு. பேஸ்மென்றில் அவருக்கென்று ஒரு மேசை, மேசைக்கு வெளிச்சம், காற்றால் பெயின்ற் அடிக்கிற கருவி. நாங்கள் ஸ்காபரோவில் இந்த அபார்ட்மென்றுக்கு வந்த அன்று அந்தப் போத்தலைத் துவாயில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். இடத்தையும் அவரே பார்த்தார்.

"இஞ்சை வைச்சால்தான் வாறவைக்குத் தெரியும்," என்றார்.

என் வீடு. இடம் சொன்னது அவர். தொலைக்காட்சியைத் தள்ளி இடம் விட்டேன். பொதுவாக நான் ஒன்றும் சொல்வதில்லை.

மனைவி வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ரீ இல்லை, சுவிச். "அத்தான் செய்தது. பனியைப் பாருங்கோ, சப்பாத்து அடியும் இருக்கு," என்பாள்.

உண்மை. பனியில் சப்பாத்துத் தடம் இருந்தது. தடத்தின் ஓரம் நொறுங்கி, உள்ளே கொஞ்சம் நீலம் அடித்தது. எங்கள் பல்கனியில் கிடக்கிற பனியை விட அது பனி மாதிரி இருந்தது. ஆள் இல்லாத நேரங்களில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். பிடிபடவில்லை. பஞ்சு இல்லை. உப்பு இல்லை. மா இல்லை. கேட்டால் அவர் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

ஒரு நாள் கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி வந்தார். சுவிச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீரோ செய்தனீர்?"

நான் வாயைத் திறக்க முதல் மனைவி சிரித்தாள்.

"இவரோ? இவர் ஒரு படம் கொழுவினால், அடுத்த கிழமை படம் நிலத்தில கிடக்கும் அன்ரி."

அன்ரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சட்டத்துக்குக் கண்ணாடி பொருத்துவது. அந்தப் படம் விழுந்தது சுவரின் பிழை. அடுத்த நாள் டொலர் கடைக்குப் போய் ஒரு பை பிளாஸ்ரிக் சிப்பாய்கள் வாங்கினேன்.

ஊறுகாய் வந்த பெரிய போத்தல் ஒன்று சிங்குக்குக் கீழே கிடந்தது. அதைக் கழுவிக் காய வைத்தேன். சனிக்கிழமைகளில் மனைவிக்கு வேலை. அந்த நேரம் சாப்பாட்டு மேசை எனக்கு.

என்ன செய்வது என்று யோசிக்க இருக்கவில்லை. பனியில் இருக்கிற வெள்ளைக்காரச் சிப்பாயை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சிப்பாய் வீதியில் நின்றவன். ஊரில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேக்கரியில் பாண் எடுத்துச் சைக்கிளில் கடைகளுக்குப் போட்டேன். வழியில் ஒரு சென்றி, ஆமி மறித்துச் சோதிக்கிற இடம். ஒவ்வொரு நாளும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டி, பிறகு ஏறவேண்டும். அதைச் செய்தேன்.

போத்தலுக்குள் வேலை செய்வது வேறு மாதிரி. கை போகாது. நீளச் சாவணத்தால் கவ்வி இறக்கவேண்டும். பெரிதாகச் செய்தால் வாயால் இறங்காது. துண்டு துண்டாக இறக்கி, உள்ளே வைத்துத்தான் ஒட்டவேண்டும். அடியிலிருந்து மேலே. பின்னாலிருந்து முன்னால். ஒன்றை மறந்தால் திரும்பிப் போக இடமில்லை.

அடியில் மண். மண்தான் என்னை மினக்கெடுத்தியது. கார் நிறுத்துகிற இடத்து மண் கறுப்பு. பூச்சட்டி மண்ணும் கறுப்பு. மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தேன், வீதி கலியாண வீடு மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் கண்ணை எரித்தது. கடைசியில் கறித்தூள் போத்தலைத் திறந்தேன். கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து யன்னலடியில் பிடித்தேன். அந்த வீதிதான். மழை விட்டுக் காய்ந்த பிறகு இருக்கிற நிறம்.

அந்தத் தூள் அஜக்ஸிலிருந்து வருவது. அபார்ட்மென்றில் மல்லியும் மிளகாயும் வறுத்தால் புகை அலாரம் கத்தும், பக்கத்து வீடுகள் இருமும். ஆகவே சொந்த வீடு இருக்கிற ஆட்களின் கராஜில்தான் வறுப்பது. அக்கா தங்களுக்கு வறுக்கும்போது எங்களுக்கும் சேர்த்து வறுத்து, அரைத்து, பை கட்டித் தருவார்.

இரண்டு விரல் உயரத்துக்குத் தூளைக் கொட்டினேன். அகப்பைக் காம்பால் அமத்தினேன். மேலே மட்டும் பசைத் தண்ணீர் தெளித்தேன். வீதி இறுகியது.

தடித்த ஸ்ட்ரோவை வெட்டிக் கறுப்பு அடித்தேன், அது தார்ப்பீப்பாய். பழைய பெனியன் துணிக்குள் உப்பு, அது மணல் மூட்டை. சைக்கிளைக் கம்பியில் முறுக்கினேன். பின்னால் பெட்டி, தீப்பெட்டி மட்டையில். அதை உருட்டிக்கொண்டு போகிறவன் கம்பியும் மெழுகும்.

கடைச் சிப்பாய்கள் சரிவரவில்லை. எல்லாரும் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், படுத்திருக்கிறார்கள். சும்மா நிற்கிறவன் ஒருத்தனும் இல்லை. சென்றியில் நின்றவர்கள் சும்மாதான் நின்றார்கள். ஒருத்தனின் துவக்கை வெட்டி எடுத்தேன். கையைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிடித்து வளைத்தேன். அட்டை கேட்கிற கை. உள்ளங்கை மேலே, விரல்கள் கொஞ்சம் மடங்கி. அது சரிவருவதற்குள் பல பேரை வீணாக்கிவிட்டேன்.

முடிந்த அன்று சகலனின் போத்தலைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். என்னுடையதை அந்த இடத்தில் வைத்தேன். மனைவி வேலையால் வந்தாள். ஜக்கெற்றைக் கழற்றாமல் நின்றாள்.

"உது ஆர் செய்தது?"

"நான்."

"பகிடி விடாதேங்கோ."

"நான்தான்."

குனிந்தாள்.

"சைக்கிள்ள என்ன பெட்டி?"

"பாண் பெட்டி."

"அப்ப உது நீங்கள்."

"ஓம்."

"வண்டி இல்லை," என்று என் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப இருக்கேல்லை."

பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள். அவளும் அட்டை காட்டினவள்தான். "இவன்ர கை..." என்றாள். சகலனின் போத்தலை அவளே தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.

எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. படுக்கப் போகும்வரை. போனால், என் தலைமாட்டில் அவருடைய நெருப்பு மினுங்குகிறது.

"என்னத்துக்கு இது இஞ்சை?"

"பாத்ரூமுக்கு எழும்பேக்கை வெளிச்சம். வசதியெல்லோ."

என் வீட்டில் அவருடைய வெளிச்சத்தில் நான் நடக்கவேண்டும். பற்றரி முடியும்வரை பொறுத்தேன். முடிந்தது. புதிது வாங்கவில்லை.

அதன் பிறகு வந்த ஆட்களெல்லாம் என் சென்றியைத்தான் பார்த்தார்கள். சுவிச் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் குனிந்தவர்கள் உடனே நிமிரவில்லை. மனைவி "இவர்தான் செய்தவர்" என்று சொல்லும்போது நான் குசினிக்குள் போய் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அக்காவும் சகலனும் சாப்பிட வந்தார்கள். மனைவி முதலே போனில் சொல்லியிருந்தாள். சகலன் நேரே போத்தலுக்குப் போனார். கிட்டப் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் கதிரையில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்தேன். தொலைக்காட்சி நிற்பாட்டியிருந்தது. நான் காத்திருந்தது அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்கு. அதை மனைவி கேட்கவேண்டும்.

"தம்பி."

"ம்."

"உங்கட ஆமிக்காரன்ர தொப்பியில ஏதோ நடக்குது."

"நடக்காது அண்ணை. ஒட்டினது."

"நடக்குது தம்பி. இப்ப காதுக்கு வந்திட்டுது."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். கடுகு மாதிரி ஒரு மண்ணிற வண்டு. வீதியில் ஓட்டைகள். ஒரு ஓட்டையால் இன்னொன்று தலையை நீட்டியது. பாண் பெட்டியில் ஒன்று ஏறியிருந்தது.

அக்கா வந்து பார்த்தார்.

"ஐயோ, வண்டு! உது என்ன மண்?"

"மண்தான்."

"மண்ணில உந்த வண்டு வராது. உது சமையல் சாமானில வாறது."

மனைவி மூடியைத் திறந்து மூக்கை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. உது கறித்தூளெல்லோ?"

"ஓம்."

"என்ர தூளோ?"

"அக்காட."

சகலன் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மனுசன் சென்றியைப் பிரட்டல் கறி வைச்சுப்போட்டார்!" மனைவியும் சிரித்தாள். அவர் சிரித்தால் அவளும் சிரிப்பாள். நான் மூடியை இறுக்கினேன்.

அக்கா சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னத்துக்கு இளிக்கிறியள்? அண்டைக்கு மல்லியைக் கிண்டினது ஆர்?"

"நான்தான். அதுக்கென்ன?"

"இன்னும் வறுக்கோணும் எண்டு கத்தினனான். கராஜுக்கை குளிருது எண்டு பச்சையா இறக்கிப்போட்டு உள்ளுக்கை ஓடினது ஆர்?"

"வறுத்தது காணும் எண்டு நினைச்சு..."

"காணுமோ? குனிஞ்சு பாருங்கோ, காணுதோ எண்டு. சனத்துக்கெல்லாம் பை கட்டிக் குடுத்திருக்கிறன்!"

சகலனின் காது சிவந்தது. பனிக்குள் நீலம் அடிக்கிற மனிதர். சிப்பாயின் சட்டைப் பொத்தானுக்கு வெள்ளி அடிக்கிற மனிதர். மல்லியைப் பச்சையாக இறக்கிவிட்டார். அன்று நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கோழிக்கறியும் அந்தத் தூள்தான். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு சகலன் திரும்பவும் போத்தலடிக்குப் போனார்.

"பல்கனியில வையுங்கோ தம்பி. இந்தக் குளிருக்கு எல்லாம் செத்துப்போம்." பிறகு, "உந்தக் கையை எப்பிடி வளைச்சனீங்கள்?"

"சுடுதண்ணியில."

"நான் ஊரிலயிருந்து வெளிக்கிடேக்கை எங்கட பக்கம் சென்றி ஒண்டும் இல்லை. ஆனா உந்தக் கையைப் பாக்க, அட்டை இருக்கோ எண்டு பொக்கெற்றைத் தடவ வருது."

சும்மா நின்றபடி சொன்னார். நான் காத்திருந்த சொல்லை விடப் பெரிய சொல். மனைவியும் கேட்டாள். ஆனால் எனக்கு அது உள்ளே போகவில்லை. புகழ்வதும் அவருக்கு அவ்வளவு லேசு. அந்தப் பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இத்தனை வருடத்தில் வாய் வரவில்லை.

என் போத்தலைப் பல்கனியில் வைத்தேன். ஹோலில் இடம் வெறுமையாக இருந்தது. "அப்ப என்ர எங்கை?" என்று சகலன் கேட்டார். மனைவி படுக்கையறையிலிருந்து எடுத்து வந்தாள். சுவிச்சைத் தட்டினார். எரியவில்லை. ஜக்கெற் பொக்கெற்றிலிருந்து ஒரு பற்றரியை எடுத்து மாற்றினார். பொக்கெற்றில் பற்றரி வைத்துக்கொண்டு திரிகிற மனிதரோடு என்ன செய்வது?

அந்தக் கிழமை வேலையால் வந்து கதிரையில் இருந்தால் இரண்டும் தெரியும். உள்ளே சூட்டில் அவருடைய ஆட்கள் பொய்ப் பனியில் நெருப்புக் காய்ந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அங்கால் என்னுடையவன் உண்மைப் பனிக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். மனைவி வெள்ளிக்கிழமை அவருடையதைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நெருப்பைத் தட்டிவிட்டாள். நான் எழும்பிப் படுக்கையறைக்குப் போனேன்.

வண்டு செத்துவிட்டது. ஆனால் போத்தலை உள்ளே கொண்டுவந்ததும் கண்ணாடி வேர்த்தது. தண்ணீர் வழிந்து தூள் களியானது. மணல் மூட்டை எல்லாம் உப்பு. கரைந்து சுருங்கிவிட்டது. பீப்பாய் சரிந்தது. சைக்கிள் முன்சில்லோடு புதைந்தது. சூடு கண்ட கறி மணம் ஹோல் முழுக்க.

தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"எங்கை கொண்டுபோறியள்?"

"குப்பைக்கு."

"வையுங்கோ கீழ."

வைத்தேன்.

"ஆக்கள் எல்லாத்தையும் கழுவி எடுங்கோ. மண்ணை நான் பாக்கிறன்."

அலுமாரியிலிருந்து மல்லியை எடுத்தாள். மிளகாய், சீரகம், மிளகு. பெரிய தாச்சியை அடுப்பில் வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இங்கே தூள் வறுத்ததில்லை. "அலாரம் அடிக்கும்," என்றேன். "அடிக்கட்டும்," என்றாள். யன்னல்களைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது, புகை வெளியே போகவில்லை. அலாரம் கத்தியது. கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவில் தட்டினார். அவள் இருமி இருமிக் கிண்டினாள். அகப்பையில் கொஞ்சம் எடுத்து என் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"நிறம் காணுமோ?"

"இன்னும் கொஞ்சம்."

"இறங்காதேங்கோ. விசுக்குங்கோ."

அஜக்ஸ் தூளை விட அது கறுத்தது. வீதி இப்போது மழை விட்ட உடனே இருக்கிற நிறம். அதுவும் சரிதான். மணல் மூட்டைக்குள் இந்த முறை கண்ணாடித் தூள் போட்டேன், தொழிற்சாலையில் கூட்டி எடுத்தது. மூடிக்குள் ஒரு பிடி அரிசியைத் துணியில் கட்டி வைக்கச் சொன்னாள், ஈரம் இழுக்குமாம். "அரிசியிலயும் வண்டு வரும்," என்றேன். யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

என் போத்தல் திரும்ப ஹோலுக்கு வந்தது. சகலனுடையதை அவள் குசினிக்குக் கொண்டுபோய் பிரிஜ்ஜுக்கு மேலே வைத்தாள். "பனிக்கு அதுதான் இடம்," என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு சிரித்தேன்.

வருகிறவர்கள் குசினிக்குள் வருவதில்லை. நான் வருகிறேன். ரீக்குப் பால் எடுக்கும்போது தலை உயரத்துக்கு இருக்கிறது. வேலைக்குப் போக முதல் ஒரு தரம் நின்று பார்க்கிறேன். அந்தத் தடத்தின் ஓரம், அந்த நீலம். பஞ்சு இல்லை. உப்பு இல்லை. மெழுகும் இல்லை. போன ஞாயிறு சகலன் குசினிக்குள் வந்து என் பக்கத்தில்தான் நின்றார். அந்தப் பனி என்ன என்ற கேள்வி வாயில் வந்தது. பாலை எடுத்துக்கொண்டு பிரிஜ்ஜைச் சாத்தினேன்.