எவ்வளவு காட்டலாம், மேடம்?

எங்கள் பக்கத்தில் ஆடிட்டரைப் பற்றி யார் விசாரித்தாலும் கேட்பது ஒரே கேள்விதான். "உங்க ஆளு எவ்வளவு வரி கட்ட வைக்கிறாரு?" நன்றாகப் படித்தவரா, கொடுத்த தாளைப் பார்க்கிறவரா, நேரில் போனால் ஆள் கிடைப்பாரா, இதையெல்லாம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த அசட்டுத்தனங்களை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தார். வாடகை ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள். பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின் மாதிரி சின்ன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பார்கள். அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இரும்பு என்றால் உயிர், காகிதம் என்றால் வேப்பங்காய். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்குமேல் பேச்சே கிடையாது. வரியைக் குறைக்க வழி உண்டு என்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருப்பேனா?

முதலில் ஆவடியில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். மாதா கோயிலில் அப்பாவுக்குப் பழக்கமானவர். டீக்கு எழுதிய ஐந்து ரூபாய்க்குக்கூட ரசீது கேட்டார். மெஷின் துடைக்கக் கழிவுத் துணி வாங்கியதற்கு ரசீது எங்கே என்றார். பழைய துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவன் ரசீதா எழுதிக் கொடுப்பான்? ஒரு வாரம் அலைந்து முடித்ததும், இவ்வளவு வரி கட்டவேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார். பீஸ் கொடுத்து ஆளை வைத்தால் அவர் அரசாங்கத்துக்காக நம்மிடம் வசூல் பண்ணுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஷெட்டுக்கு ஷெட் விசாரித்தேன். முலாம் பூசுகிறவர், அச்சுக் கட்டுகிறவர், ஸ்பிரிங் போடுகிறவர் மூவரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். "அவர்கிட்ட போங்கம்மா. அவர் பார்ட்டி ஒருத்தரும் இதுவரைக்கும் பத்து பைசா வரி கட்டினதில்ல." இதைவிடப் பெரிய நற்சான்று உண்டா என்று நினைத்தேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அவர் ஆபீஸ். மாடிப்படியிலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வருவார். வந்ததும் போனை எடுப்பார். போனை வைத்ததும் சாப்பிடப் போவார். அப்படி மூன்று முறை திரும்பி வந்த வருஷமும் உண்டு. ஆபீஸ் முழுக்க ஃபைல், ஜன்னல் கதவைத் திறக்க முடியாதபடி ஃபைல். நம்முடையதை எடுக்கச் சொன்னால் அங்கே வேலை செய்யும் பெண் ஸ்டூல் போட்டு ஏறி, இருமிக்கொண்டே தேடுவாள். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் உட்கார்ந்துவிட்டால் வேலை ஐந்து நிமிஷம். ரசீது கேட்கமாட்டார், நோட்டைப் புரட்டமாட்டார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, கறிக்கடையில் எவ்வளவு போடட்டும் என்று கேட்கிற மாதிரி, "இந்த வருஷம் லாபம் எவ்வளவு காட்டலாம், மேடம்?" என்பார்.

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. லாபம் எவ்வளவு என்று அவரல்லவா கூட்டிக் கழித்துச் சொல்லவேண்டும்? அவர் சிரித்தார். எந்தத் தொகைக்கு மேலே போனால் வரி வரும் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே எனக்குப் பிடித்த ஒரு தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் அந்தத் தொகைக்குப் பைசா பிசகாமல் வந்து நிற்கும் ஒரு கணக்கு டைப் அடித்து வந்தது. அதில் கணவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பட்டறைக்கு எடுத்துப் போனால் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, படிக்காமல் குறி இருக்கும் இடத்தில் போட்டுக் கொடுப்பார். "முடிஞ்சிச்சா? வேற எங்கனா போடணுமா?" அவ்வளவுதான்.

இப்படி ஆறேழு வருஷம். அலைச்சலுக்கு அவரைத் திட்டிக்கொண்டே இருப்பேன், வரி இல்லை என்றதும் கோபம் ஆறிவிடும். மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் நானே அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷெட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூருக்கு மகனோடு போய்விட முடிவு செய்தார். நல்ல மனுஷர். புரோக்கரிடம் போகாமல் நேராக எங்களிடம் வந்தார். "பத்து வருஷமா நீங்கதான் இருக்கீங்க. முதல்ல உங்களைக் கேக்கிறேன். ஒரு மாசத்துல பேங்குல ஏற்பாடு பண்ணிட்டா உங்களுக்கே. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

அன்றைக்கு என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தச் சுவரை உடைத்தால் மூன்றாவது லேத் போடலாம் என்றார். மெஷின்களைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போனால் எஸ்டேட் ஆர்டரெல்லாம் பக்கத்து ஷெட்காரனுக்குப் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். "சொந்தமா ஒரு கூரை கீதுன்னா நிம்மதியா வேலை செய்யலாம்மே," என்றார். அவர் ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இது ஒன்றைத்தான் கேட்டார்.

மூன்று வருஷக் கணக்கை எடுத்துக்கொண்டு நான் பேங்குக்குப் போனேன். மேனேஜர் பொறுமையாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"போன வருஷ லாபம் பதினேழாயிரத்து நானூறுன்னு இருக்கேம்மா?"

"ஆமா சார்."

"மாசம் ஆயிரத்து நானூத்தி அம்பது. நீங்க கேக்கிற கடனுக்குத் தவணையே மாசம் ரெண்டாயிரத்தைத் தாண்டும். சாப்பிடாம இருந்தாலும் கட்ட முடியாதே."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது வரிக்காக எழுதினது சார். நிஜத்துல அதைவிட மூணு பங்கு வருது," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி, மூலை சரி பார்த்து, என் பக்கம் நகர்த்தினார். "இதைத்தான் நான் மேலே அனுப்பணும். இது பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. உண்மைன்னு எதை அனுப்பட்டும், சொல்லுங்க," என்றார். தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன். பஸ் ஏறும்வரை முகம் எரிந்துகொண்டிருந்தது.

நேராக மருந்துக்கடை மாடிக்குப் போனேன். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்தவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். ஆடிட்டர் அசரவில்லை.

"லோனுக்குப் போறதா முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம். வேற மாதிரி போட்டிருப்பேன்."

"வேற மாதிரின்னா?"

"பேங்குக்குப் பிடிக்கிற மாதிரி. இனிமே அதுவும் முடியாது, பழசைத்தான் குடுத்துட்டீங்களே. இப்ப மாத்தினா மூணு வருஷ வரி, வட்டி, அபராதம். அதுக்கு மேல, இத்தனை நாள் ஏன் மறைச்சீங்கன்னு கேள்வி வேற."

நான் கத்தினேன். உங்களை நம்பித்தானே வந்தோம், இப்படி ஒரு நாள் வரும் என்று சொல்லவேண்டியது உங்கள் வேலை இல்லையா, அதற்குத்தானே பீஸ் வாங்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எங்கள் ஃபைலை எடுக்கச் சொன்னார். அன்றைக்கென்று பார்த்து உடனே கிடைத்தது. ஒவ்வொரு வருஷக் கணக்கோடும் நான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைக் குண்டூசி போட்டு வைத்திருந்தார். போன வருஷத்துச் சீட்டில் பதினேழாயிரத்து நானூறு போதும் என்று என் கையெழுத்தில் இருந்தது. "நான் கேட்டுத்தான் மேடம் எழுதினேன்," என்றார். அந்த ஆளை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் கணவர் வந்ததும் பேங்கில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஏன் என்றார். லாபம் போதாதாம் என்றேன்.

"போதாதா? இன்னா சொல்ற நீ? அந்தக் கணக்க எடு, பாக்கலாம்."

அத்தனை வருஷத்தில் அவர் அதைப் படிக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். டிராயிங் பார்க்கிற மாதிரி தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். வாடகை, கரண்ட், எண்ணெய் எல்லாம் தாண்டி ஒரு இடத்தில் விரல் நின்றது.

"வாட்ச்மேன் சம்பளம்னு கீது. யாரும்மே இது?"

எனக்கும் தெரியாது. நானும் கடைசித் தொகையைத் தவிர எதையும் படித்ததில்லை. எங்கள் பட்டறைக்கு ஒரு நாளும் வாட்ச்மேன் இருந்ததில்லை. காலையில் திறந்து, சாயங்காலம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர் அவர்தான். நான் சொன்ன தொகைக்குக் கணக்கை இறக்க ஆடிட்டர் எங்கிருந்தோ ஒரு வாட்ச்மேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"மாசம் ஆயிரத்தி ஐநூறு. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்," என்று அவர் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். பிறகு கீழே இருந்த லாபத்தைப் பார்த்தார். "என்னைவிட அறுநூறு ரூபா ஜாஸ்தி வாங்கிகினு போய்கீறான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "பத்து வருஷமா நின்னுகினே வேலை செய்றேன். ஞாயித்துக்கெயமகூட போனேன். இதுல நான் எங்க கீறேன்?" என்று கேட்டுவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆடிட்டர்தான் இப்படிச் செய்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

அந்தத் தொகையை எழுதிக் கொடுத்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மேலும் ஒரு வாரம் ஆனது. அதற்குள் சொன்ன மாசமும் முடிந்து, பக்கத்து ஷெட்காரர் எங்கள் ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.