சுடாதவர்களின் வரிசை

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. கோம்பை மலையடிவாரத்தில் மாலையில் சாரல் பெய்தது.

நடந்ததை நம்பாதவர்கள் லிங்கேஸ்வரனிடமே போய்க் கேட்கலாம். கூட்டிச் சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. நிலக்கடலைக் காட்டைக் காக்க லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி அவனுடையது. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணி வைத்து, ஈய ரவையைப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். தேர்தலுக்காக ஒப்படைத்திருந்ததை முந்தின நாள்தான் திரும்ப வாங்கியிருந்தான். வீட்டில் கிடந்த பழைய மருந்தையே எடுத்து வந்தான். காயவைக்கத் தோன்றவில்லை.

"எலெக்சன் முழுக்க ஸ்டேஷன்ல சும்மா படுத்துக் கெடந்துச்சு. வேலை ஞாபகம் இருக்குமாண்ணே?" என்று சிரித்தான் தம்பி ஒச்சாண்டி.

இருட்டும் முன்பே காட்டுப்பன்றி வந்துவிட்டது. வேலியோரம் நின்ற ஒச்சாண்டியின் கெண்டைக்காலைக் கிழித்துப் போட்டது. ஓடவில்லை. விழுந்து கிடந்த தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவில் உறுமிக்கொண்டு நின்றது. போனில் சிக்னல் இல்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

லிங்கேஸ்வரன் விசையை இழுத்தான்.

'டிக்.'

மருந்து பற்றவில்லை. உள்ளே இருந்ததை எடுக்காமல் மேலேயே மறுபடி கெட்டித்தான்.

டொக்... டொக்...

இடிப்பதை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், சாரலுக்குள் ஒருவன் நின்றான். தடித்த பழைய சட்டை. நெஞ்சின் குறுக்கே தோல் வார். தாள் பொட்டலம் ஒன்றைப் பல்லால் கடித்துக் கிழித்து, நீண்ட துப்பாக்கியின் குழலில் கொட்டினான். உதடெல்லாம் கரி. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவனைப் பார்க்கவில்லை. எதிரே பார்த்தபடியே இடித்தான்.

பழைய காலப் போர்களில் சாதாரணச் சிப்பாய்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டு. புகையிலும் இரைச்சலிலும் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதே தெரியாது. பயத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கெட்டித்துக்கொண்டே இருப்பார்கள். லிங்கேஸ்வரனுக்கு அன்று இது எதுவும் தெரியாது.

அவன் கையும் இடிக்கத் தொடங்கியது.

மருந்து. துணி. ரவை. கம்பி...

"அண்ணே... சுடு..."

டொக்.

"சுடுண்ணே..."

டொக்.

விரல் விசைக்குப் போகவே இல்லை.

மருந்து... துணி...

கம்பி இறங்காமல் முட்டி நின்றது. குழல் வாய்வரை நிறைந்துவிட்டது. மருந்துக் குப்பி காலி.

அப்போதுதான் பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

ஒரு பொட்டலத்தை நீட்டினான்...

லிங்கேஸ்வரன் துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கத்திக்கொண்டே பன்றியை நோக்கி ஓடினான். அங்கே பன்றி இல்லை. எப்போது போனது என்று தெரியாது. நன்றாக இருட்டியிருந்தது. தம்பியின் கால் சில்லிட்டுக் கிடந்தது. தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

மூன்றாம் நாள் தேனி ஆஸ்பத்திரியில் ஒச்சாண்டி கண் விழித்தான். முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல.

"ஆருண்ணே அவுக?"

"நீயும் பாத்தியா? ஒருத்தன்தான நின்னான்?"

"ஒருத்தனா? உனக்கு ரெண்டு பக்கமும் ஓடை வரைக்கும் வரிசையா நின்னாக. எல்லாரும் இடிச்சுக்கிட்டே இருந்தாக. ஒருத்தரும் சுடல."

லிங்கேஸ்வரன் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"பன்னி அப்பவே போயிருச்சுண்ணே. அவுக அதுக்கப்புறமும் குறி வச்ச மாதிரி என்னையவே பாத்துக்கிட்டு நின்னாக." ஒச்சாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நீயுந்தான்."

துப்பாக்கியை ஊரே தேடியது. கிடைக்கவில்லை. ஒச்சாண்டியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.