சரிண்ணே

அந்த ஒர்க் ஷாப்பில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. "சரிண்ணே" என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். ஒர்க் ஷாப் அண்ணனுடையது. அண்ணன் எதைச் சொன்னாலும், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாலும், அங்கிருந்தே "சரிண்ணே" என்று குரல் வரும். தகப்பன் இல்லாத வீட்டில் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். அவர் வாக்கு வேதவாக்கு. கட்டினவள் வாக்கு காற்றோடு போகும்.

கிரீஸ் கையைக் கழுவுகிற விஷயத்தில் அவள் கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். பின்பக்கக் குழாயடியில் சோப்புத்தூளும் கையுமாகத் தினம் ஒரு சண்டை. அந்த வருஷம் எவ்வளவு தேய்த்தும் ரேகைக்குள் இருந்த கருப்பு போகவில்லை. ஆள் வேறு துரும்பாக இளைத்தார். பகலிலேயே சுருண்டு படுத்தார். யாரும் பார்க்காதபோது உப்புக் கல்லை எடுத்துச் சப்பினார்.

"மசக்கைக்காரியா நீங்க?" என்று அவள் கேலி செய்தாள்.

ஒரு மாதம் வேலைக்கே போகாமல் வீட்டில் கிடந்தும் கை வெளுக்காதபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் கொட்டாவி விட்டபோது வாயைப் பார்த்தாள். ஈறும் கருத்திருந்தது.

"ஈறுல எப்படிங்க கிரீஸ் ஒட்டும்?"

அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்போதோ நெஞ்சில் வந்த காசநோய்க் கிருமி, சிறுநீரகத்துக்கு மேலே குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகளில் குடியேறி, அவற்றைத் தின்று தீர்த்திருந்ததாம். அந்தக் கருப்பும் உப்பு ஆசையும் அதனால்தானாம். காசநோய்க்குச் சில மாத மாத்திரை. சுரப்பி செய்த வேலையைச் செய்ய இன்னொரு மாத்திரை.

"இது ஆயுசுக்கும். ஒருநாள்கூட விடக்கூடாது. காய்ச்சல், வாந்தின்னா உடனே இங்க வந்துடணும்" என்றார் டாக்டர். இதைக் கேட்க அண்ணன் அங்கே இல்லை. ஒர்க் ஷாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. முகம் தெளிந்தது, கை பழைய நிறத்துக்கு வந்தது, அவர் வேலைக்கும் போனார். காசநோய் மாத்திரை முடிந்த அன்று, அந்த நோய் முழுசாகப் போய்விட்டது என்று டாக்டரே சொன்னார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். மறுபடியும் குழாயடிச் சண்டை ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் சண்டை போட்டதில்லை.

கொஞ்ச நாளில் ரேகைக்குள் திரும்பக் கருப்பு தெரிந்தது.

"கிரீஸ்தான்டி" என்றார்.

வேலைக்குப் போகிற கைதானே என்று அவளும் சோப்புத்தூளை நீட்டினாள்.

அடுத்த வாரம் ஜுரமும் வாந்தியுமாக ஒர்க் ஷாப்பிலேயே விழுந்தார். அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். அவள் போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் பிடிபடவே இல்லை.

"மாத்திரையை நிறுத்திட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். தினம் காலையில நான்தான் குடுப்பேன். என் கண்ணெதிர்லதான் வாயில போடுவார்."

அண்ணன் முன்னால் வந்தார். "நிறுத்தச் சொன்னது நாந்தான் டாக்டர். நோய்தான் போயிடுச்சே. அது ஸ்டீராய்டு, எலும்பைத் தின்னுடும்னு யாரோ சொன்னாங்க. வீட்ல தெரிஞ்சா சண்டை வரும், வாயில போட்டுட்டு வெளிய வந்து துப்பிடுடான்னேன். சரின்னான்."

டாக்டர் உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள், பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பி உடம்பு கெட்டுவிடக் கூடாதே என்றுதான் அவர் சொன்னார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் வயிறெரிந்து ஒரு சாபம் விடக்கூட வாய் வரவில்லை.

"அவன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அவர் உங்க பேச்சைத் தட்டமாட்டார்னு உலகத்துக்கே தெரியும் அத்தான். அப்படிப்பட்டவர்கிட்ட, தெரிஞ்சதை மட்டும் பேசியிருக்கக் கூடாதா?"